கோலப்பன் கட்டிக்கொண்ட பரிவட்டம்

ஓலையின் ஒரு நுனியை யோவான் பிடித்திருந்தார். மறு நுனியைக் கோலப்பன் விடவில்லை.

"கைய எடும்வே. நான் இதத் தின்னுரமாட்டேன்."

"வாசிக்கதுக்குக் கண்ணு போதும். கை எதுக்கு?" என்றார் கோலப்பன்.

தக்கலையில் சர்க்கார் கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆதாரப் பத்திரம் எழுதுகிறவர் யோவான். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. எவ்வளவு பழைய எழுத்தானாலும் வாசித்துவிடுவார். கோலப்பனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்குமேல் எழுதத் தெரிந்தவன் எல்லாம் கள்ளன் என்பது அவர் கட்சி. அறுபது வயதாகியும் அந்தக் கட்சியை விட்டு அவர் இறங்கவில்லை. இறங்கும்படி ஊரில் ஒருத்தனும் நடந்துகொள்ளவும் இல்லை.

காரியம் இதுதான். ஊர் சாஸ்தா கோயில் திருவிழாவில் சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை ஒருவர் தலையில் கட்டுவார்கள். முதல் பரிவட்டம். அந்தக் காலத்து ராஜா ஆற்றங்கரை விளை என்ற தோப்பை யாருக்குத் தானம் கொடுத்தாரோ, அவருடைய வம்சத்துக்குத்தான் அந்த மரியாதை. நாற்பது வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு நிற்பது கோயில் காரியம் பார்க்கும் நாராயணபெருமாள் பிள்ளை. அந்தத் தலையில் அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் கோலப்பனுக்கு நெஞ்சு எரியும். இப்போது அவர் வீட்டுப் பரணில் ஊறுகாய்ப் பானைக்குப் பின்னாலிருந்து இந்தத் தான ஓலை கிடைத்திருக்கிறது. சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தத் துணி தன் தலையில் ஏறவேண்டும்.

"ஆற்றங்கரை விளை, பூதப்பெருமாள் கோலப்பனுக்கு," என்று வாசித்தார் யோவான்.

தன் பெயரே வந்துவிட்டது. கோலப்பன் ஓலையைப் பிடுங்கிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பெயர் ஒன்றானால் போதாது, அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் உள்ள பந்தத்தைக் காட்ட வேண்டும், அதற்குப் பழைய ரிக்கார்டு தேடவேண்டும் என்றார் யோவான். கோலப்பன் தன் அப்பன், அப்பனுக்கு அப்பன், அவருக்கு அப்பன் என்று விரல்விட்டுச் சொன்னார்.

யோவான் வாய் திறக்கப் பார்த்தார். "சொன்னதச் செய்யும்வே," என்று கோலப்பன் அதை மூடிவிட்டார்.

ஒரு மாதத்தில் பழைய ரிக்கார்டின் நகல் வந்தது. தனியாக வாசித்தால் யோவான் ஏதாவது மாற்றி வாசித்துவிடுவார் என்று கோலப்பனுக்குச் சந்தேகம். அதனால் அவரைக் கோயில் முற்றத்துக்கே கூட்டிவந்து, ஊரைக் கூட்டி, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

யோவான் சத்தமாகவே வாசித்தார். கோலப்பனுடைய அப்பனுக்கு அப்பனுக்கு அப்பன், கோயில் மணியைக் கழற்றி விற்றதால், அவருக்குக் கொடுத்திருந்த வயலைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஊர் மூன்று நாள் சிரித்தது. நாலாம் நாள் கோயில் மணிக்குப் புதுச் சங்கிலி போட்டார்கள்.

யோவானை அடிக்கப் போனார் கோலப்பன். யோவான் எழுந்திருக்கவே இல்லை.

"நாஞ்சிநாட்டு வேளாளர்ல சொத்து மாமங்கிட்ட இருந்து, அக்கா தங்கச்சி பெத்த மருமகனுக்குல்லா வந்துது? அம்மை வழியப் பாக்கணும். அப்பன் வழியில போனா அடுத்த வீட்டுக் குப்பையத்தான் கெளறுவீரு."

"போன வருசம் பெத்த மக்களுக்கும் பங்குன்னு சட்டம் வந்துதே?"

"அது இனிமே சாவுதவனுக்கு வே. செத்துப்போனவனுக்கு இல்ல."

அம்மை வழி என்றால் பெண்களின் பெயர் வேண்டும். கோலப்பனுக்குத் தெரிந்தது அம்மை, அதற்குமேல் பாட்டி, அதற்கும்மேல் கிழவி. பெயர் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவருடைய அக்காள் தாணம்மாள். அவளோடு ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு விளைக்கும் நடுவே நிற்கும் ஒரு வரிக்கைப் பலாமரம்தான் காரணம்.

வேறு வழியில்லாமல் போனார்.

"ஏலே, ஏழு வருசமா இந்த நடையில ஏறாத காலு இன்னைக்கு எதுக்கு ஏறுது?"

அவர் சொன்னார். தாணம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, பலாமரம் தன்னுடையதுதான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னால் பெயர்களைச் சொல்வதாகச் சொன்னாள். குளத்தங்கரையில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று கோலப்பன் சொன்னார். அந்தக் கணமே தாணம்மாள் ஆறு தலைமுறைப் பெண்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஆறாமவளின் கூடப்பிறந்தவன்தான் பூதப்பெருமாள் கோலப்பன். கோலப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் சோறு இல்லை. பலாமரத்துக்காக ஏழு வருஷம் நாத்தியோடு மல்லுக்கு நின்றவள் அவர் மனைவி ரத்தினம்.

"எனக்க தொண்டத் தண்ணி எல்லாம் எதுக்கு வத்திச்சு? ஒங்க தலையில துணி கெட்டவா?" என்றாள். அதற்குப்பின் பேசவில்லை.

அக்காள் கிடைத்தாள், பெண்டாட்டி போனாள். மிச்சம் நாராயணபெருமாள் பிள்ளை. அவர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் பரிவட்டம் மாறும். கோலப்பன் பூண் போட்ட கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்புக்கு வேலை வரவில்லை. பிள்ளை அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். யோவான் எழுதிய வம்ச வழியை ஒரு தடவை பார்த்தார். "நியாயம் ஒம்ம பக்கம்தான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கோலப்பனுக்குப் பயமாகிவிட்டது. நாற்பது வருஷம் கட்டியவன் இப்படிச் சிரித்துக்கொண்டு விடுவானா? கையெழுத்தில்தான் ஏதோ கள்ளத்தனம். பெருவிரல் ரேகையும் வை என்றார். வைத்தார். சாட்சி நாலு பேர் வேண்டும் என்றார். பிள்ளையே ஆறு பேரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒம்ம மருமகன் திருப்பிக் கேட்டா?"

"கேக்க முடியாதபடி நீரே எழுதச் சொல்லும்."

கோலப்பன் யோவானை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சூரியனும் சந்திரனும் உள்ள காலம்வரை முதல் பரிவட்டமும் அதைச் சேர்ந்த எல்லாமும் கோலப்பன் குடும்பத்துக்கே. அவர்களே வேண்டாம் என்றாலும் திரும்பிப் போகாது. நாராயணபெருமாள் பிள்ளை அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரொம்பத் திருப்தி என்றார்.

திருவிழாவன்று காலையில் நாதசுரம் முழங்க, பட்டு கோலப்பன் தலையில் ஏறியது. மணி விற்றவன் வம்சம் என்று சிரித்தவர்கள் எல்லாரும் கும்பிட்டு நின்றார்கள். கூட்டத்தில் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தவர் நாராயணபெருமாள் பிள்ளை. வீட்டு நடைக்கு வந்ததும் ரத்தினம் தலையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கொள்ளாம். மாப்பிள்ள மாதிரில்லா இருக்கு," என்றாள். பேச்சு வந்துவிட்டது. தாணம்மாள் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து நாத்தியின் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து அரிவாள்மணை தேடினார்கள்.

தலையில் கட்டிய பட்டுத் துணியை அவிழ்க்க மனமில்லாமல் சாய்வு நாற்காலியில் கிடந்தார் கோலப்பன். உலகத்தில் ஒன்றிரண்டு நல்லவர்களும் இருக்கலாம் என்று அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது.

அப்போது வாசல் பக்கம் மடமடவென்று என்னவோ முறிந்தது. எட்டிப் பார்த்தார். குலை தள்ளிய மட்டிவாழை ஒன்று வேரோடு ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு தும்பிக்கை. தும்பிக்கைக்குப் பக்கத்தில் கையில் துறட்டியோடு பாகன் ஒருத்தன் பணிவாக நின்றான்.

"கோயிலுக்கு நேர்ச்சைக் காணிக்கையா வந்த ஆனையாக்கும், அண்ணாச்சி. போன மாசமே நாராயணபெருமாள் பிள்ளைக்குக் காயிதம் போட்டாச்சு. முதல் பரிவட்டக்காரரு வீட்டுலதான் ஆனைக்கு ஆயுசு முச்சூடும் தீனியாம், அவியதான் இங்க வழி சொல்லிவிட்டாவ. பயலுக்குப் பதினெட்டு வயசுதான் ஆவுது, எங்க கெட்டட்டும்?"