சம்பந்தியைத் துரத்திய சிவப்புத் தட்டு

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல நான் வெகுகாலம் கூச்சப்பட்டவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும் வசதி கிடையாது. படித்தவன் சொன்னால் அடக்கம் என்பார்கள். நான் சொன்னால் "பாவம், படிக்கல" என்பார்கள். அதனால் எதைக் கேட்டாலும் தெரியும் என்றே சொல்லிப் பழகினேன். அப்படிச் சொல்லிச் சொல்லியேதான், விருத்தாசலத்தில் களிமண் மூட்டை தூக்கிய நான், சொந்தமாக ஒரு பீங்கான் யூனிட்டு போட்டேன். ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, சாசர், கொலு பொம்மை என்று என் சூளையில் வேகாத சாமான் இல்லை. (விரலால சுண்டுனா போதும், வெந்துச்சா வேகலயான்னு சத்தத்த வச்சே சொல்லிடுவேன். இத நானே சொல்லிக்கக் கூடாதுதான். வேற யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே.)

இந்தப் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் கலாவின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

கலா பெங்களூரில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கும் அருணை அவளுக்குப் பிடித்திருந்தது. பையன் பெண்ணாடத்துக்காரன். தங்கமான பையன். அப்பா கிடையாது. அம்மா இருக்கிறார். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் வளர்த்து ஆளாக்கிய தாய்மாமன் தங்கவேலு. சேத்தியாத்தோப்பில் நெல் வியாபாரம். எந்த மூட்டையானாலும் நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாராம். பையனின் அம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எங்க அண்ணன் சரின்னா சரிங்க. அவரு வேணான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அன்றைக்கு வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் அன்றே தட்டு மாற்றி உறுதி செய்துவிடலாம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடிந்தாக வேண்டும்.

காலையிலேயே கலா என்னை மடக்கினாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் கம்மியா பேசுங்க. அவரு மாமாவுக்குப் பெருமை பேசறவங்கள புடிக்காதாம்."

"நான் எங்கடி பெருமை பேசறேன்? நடந்தத சொல்றேன்."

"அதத்தான் சொல்றேன். நடந்ததையும் சொல்லாதீங்க."

சரி என்றேன். சாப்பாடு முடியும் வரை வாயைத் திறக்கவில்லை. தங்கவேலுவும் அதிகம் பேசவில்லை. வீட்டைப் பார்த்தார். "ம்" என்றார். கலாவின் படிப்பைக் கேட்டார். "பாப்போம்" என்றார். என் மனைவி செய்த வடையைக் கடித்துவிட்டு, அதற்கும் "பாப்போம்" என்றார். (வடைய கடிச்சப்புறம் பாக்கறதுக்கு என்னா இருக்குது?) வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டு உள் அறையில் காத்துக்கொண்டிருந்தது. கலா கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்ததால்தான் காரியம் நகரவில்லை என்று தோன்றியது.

"வாங்க, யூனிட்டப் பாக்கலாம்" என்று எழுப்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால்தான் யூனிட்டு. நடுவில் நீளமான மைதானம், கடைசியில் ஒரு வேப்ப மரம். வலது பக்கம் சூளையும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கிக் காயவைக்கும் கொட்டகையும். இடது பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டிருந்தேன். அந்த நிழலைத் தாண்டிக் கூழ்த் தொட்டி. மிஞ்சிய களிமண்ணைக் கரைத்துத் தேக்கும் பள்ளம் அது. மேலே ஏடு கட்டிக் காய்ந்துவிட்டால், சிமெண்டுத் தரை மாதிரியே வெள்ளை வெளேரென்று கிடக்கும். சுற்றி முள் வெட்டிப் போட்டு மறித்திருந்தோம். சம்பந்தி வரும்போது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று காலையில், கலா வேண்டாமென்றும் கேளாமல், அந்த முள்ளை எடுக்கச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

மைதானத்தைப் பார்த்ததும் அருணுக்கு முகம் மலர்ந்தது. "இங்க சூப்பரா டிஸ்க் கோல்ஃப் ஆடலாம் போலிருக்குதே" என்றான். காரிலிருந்து ஒரு பையை எடுத்துவந்தான். உள்ளே பிளாஸ்டிக் தட்டுகள். தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை வைத்திருப்பார்களாம், தட்டை வீசி வீசி அதில் போய்ச் சேர்க்க வேண்டுமாம், யார் குறைந்த வீச்சில் சேர்க்கிறார்களோ அவர்தான் ஜெயித்தவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கலாவும் அவனும் இதைத்தான் ஆடுகிறார்களாம். (ஓவர்டைம்னு சொன்ன ஞாயித்துக்கெழமைங்க இதான்னு எனக்கு அப்பத்தான் வெளங்கிச்சி.)

"விளிம்பு மொத்தமா இருக்கறது பக்கத்துல போடறதுக்கு, அங்கிள். மெதுவா நேரா போவும். விளிம்பு கத்தி மாதிரி இருக்கற இந்த மூணும் டிரைவரு. தூரத்துக்கு."

மூன்றும் ஒரே அளவு, ஒரே எடை. நிறம்தான் வேறு: சிவப்பு, நீலம், மஞ்சள்.

"எல்லாம் ஒரே அச்சுதானே?" என்றேன்.

"பாக்க அப்படித்தான் இருக்கும். பறக்கறது வேற வேற. மேல நாலு நம்பர் போட்டிருக்குது பாருங்க. எவ்ளோ வேகமா வீசணும், எவ்ளோ நேரம் மெதக்கும், வேகமா போறப்ப எவ்ளோ வலப்பக்கம் சாயும், வேகம் கொறஞ்சா எவ்ளோ எடப்பக்கம் திரும்பும். நீலம் கொஞ்சம் வலப்பக்கம் போயி, திரும்பி வந்துரும். மஞ்சள் மரத்துல மோதி மோதிப் பழசாயிடிச்சி, வலப்பக்கம் போனா போனதுதான். சிவப்பு முரடு. எதிர்காத்துல கூட அசையாது. ஆனா கடைசியில எடப்பக்கம் வெட்டித் திரும்பும்."

இவ்வளவையும் தங்கவேலு கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"இதெல்லாம் படிச்ச புள்ளைங்க வெளையாட்டு. நமக்குப் புரியாது, இல்லீங்களா?"

படிச்ச புள்ளைங்க. அந்த இரண்டு வார்த்தைதான். காலையில் மகளுக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது.

"புரியாம என்னாங்க? ஆயுசு முழுக்கத் தட்டு செஞ்சவன் நான். இதுல எது நல்ல தட்டுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்று சொல்லி, மூன்றையும் வாங்கி சாசரைச் சுண்டுவது போல ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். பீங்கான் கணீரென்று பேசும். இவை மூன்றும் 'தொப் தொப்' என்றன. "ஒண்ணுமே சரியா வேகல" என்று தீர்ப்பு சொன்னேன். அருணின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். விளிம்பைத் தடவினேன். சிவப்புதான் பிசிறில்லாமல் இருந்தது. எங்கள் தொழிலில் விளிம்பு சுத்தமாக இருந்தால் அதுதான் முதல் தரம்.

"இது."

"அப்பா, அது வேணாம்" என்று கலா கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு ரொம்ப வேகம் வேணும். வேகம் பத்தலன்னா வீசுன ஒடனே எடப்பக்கம் வுழுந்துரும். மொத்தமா இருக்கறத எடுத்துக்குங்க, நேரா போவும்."

"மொத்தமா இருக்கறது கொழந்தைங்களுக்கு."

அந்த வேப்ப மரத்தில் அடிக்கிறேன் பாருங்கள் என்று அறிவித்தேன். துண்டை இடுப்பில் கட்டினேன். அருண் காட்டியபடி தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்தேன். சூளைக்குக் கரி அள்ளிப்போட்ட கை இது. அந்தக் கையின் மொத்தப் பலத்தையும் கொடுத்து வீசினேன்.

தட்டு நேராகத்தான் கிளம்பியது. சத்தியமாக நேராகத்தான். அந்த ஒரு கணத்தில் நான் செய்த காரியத்தை இன்றும் மன்னிக்க முடியவில்லை. தட்டைப் பார்க்காமல், என்னை எல்லோரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் முகங்களில் சிரிப்பு இல்லை.

தட்டு பாதி தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் இடது விளிம்பைச் சாய்த்தது. யாரோ கயிறு கட்டி இழுத்தது போல வளைந்து, தாழ்ந்து, நிழலில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி இறங்கியது. கத்தி விளிம்பு முன்னால்.

"மாமா, குனிங்க!" என்று அருண் கத்தினான்.

தங்கவேலு குனியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். எந்தப் பக்கம் ஓடினார்? தட்டு எந்தப் பக்கம் திரும்பியதோ அதே பக்கம். அவர் ஓட ஓட அதுவும் வளைந்தது. பார்த்தவர்களுக்கு நான் அவரைக் குறிவைத்துத் துரத்திவிட்ட மாதிரியே இருந்தது. அவர் நிழலைத் தாண்டினார். எதிரே வெள்ளை வெளேரென்று சிமெண்டுத் தரை.

"அங்க வேணாம்!" என்று நானும் கலாவும் ஒன்றாகக் கத்தினோம்.

ஏடு உடைந்தது. இடுப்பு வரை உள்ளே போனார். தட்டு அவர் தோளை உரசிக்கொண்டு போய், பக்கத்தில் கூழின் மேல் மெதுவாக உட்கார்ந்தது.

கூழ்த் தொட்டி பொல்லாதது. கால் உதறினால் இளகும், சும்மா நின்றால் இறுகும். அவர் உதறினார். மார்பு வரை போனார். அருண் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்கப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். இரண்டாவது ஆளும் உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். (இது நெசமாவே தெரியும்.)

"கால ஆட்டாதீங்க! கையை மட்டும் விரிச்சி வைங்க! மூச்சு வுட்டுக்கிட்டு நில்லுங்க!"

பலகை வேண்டும். காயவைத்த பொம்மைகள் அடுக்கிய பலகைகள்தான் கிட்டத்தில் இருந்தன. ஒன்றைப் பிடித்துக் கவிழ்த்தேன். இன்னொன்று. மற்றொன்று. கொலுவுக்குப் போக வேண்டிய பிள்ளையார்களும் செட்டியார்களும் பச்சை மண்ணாகவே நொறுங்கினார்கள். பலகைகளைத் தொட்டியின் குறுக்கே போட்டு, குப்புறப் படுத்து ஊர்ந்து, அவருடைய அக்குளில் கை கொடுத்தேன். பின்னாலிருந்து அருண் என் காலைப் பிடித்துக்கொண்டான். கலா இன்னொரு பலகையை அவர் முன்னால் தள்ளினாள். அங்குலம் அங்குலமாக அவரைச் சாய்த்து இழுத்தோம். வெளியே வந்து விழுந்தபோது ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

அவர் எழுந்து நின்றார். மார்பு வரை வெள்ளை. அருணின் அம்மா அழத் தொடங்கினார். "அண்ணே, கெளம்பலாம்ணே" என்றார்.

கலா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழாயடியில் அவருக்கு வாளி எடுத்துவைக்கப் போய்விட்டாள்.

தங்கவேலு குழாயடியில் குளித்து, என் லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்தார். காதுமடலில் இன்னும் களிமண் காய்ந்திருந்தது. மணி நாலைத் தாண்டிவிட்டது. கார்ச் சாவி அருண் கையில் இருந்தது. அவன் தலை குனிந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றார் என்னிடம். "அது ஏன் எம்பக்கமே வந்துச்சி?"

"தட்டு கோணலுங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "நான்தான் அப்பவே சொன்னேனே, சரியா வேகலன்னு..."

"அப்பா" என்றாள் கலா. பிறகு அவரைப் பார்த்துப் பேசினாள். "தட்டு மேல தப்பு இல்லீங்க. எங்கப்பா கைக்கு இந்தத் தட்டு கேக்கற வேகம் வராது. வேகம் இல்லன்னா இது எடப்பக்கந்தான் திரும்பும். அது தெரிஞ்சி நான் சொன்னேன். அவரு கேக்கல. முள்ள எடுக்காதீங்கன்னும் சொன்னேன். தப்பு எங்களதுதான். மன்னிச்சிக்குங்க."

சபையில் என் மகள் என்னை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி பெருமூச்சு விட்டாள். அது துக்கத்திலா நிம்மதியிலா என்று இன்றுவரை கேட்கவில்லை.

தங்கவேலு அவள் பக்கம் திரும்பினார். "அப்படின்னா நீ வீசு, பாப்போம்" என்றார். "அதே தட்டு."

சொல்லிவிட்டு நடந்துபோய், கவிழ்ந்து கிடந்த தன் நாற்காலியை நிமிர்த்தி, அதே இடத்தில், அதே இடது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, வேணாம்" என்றான் அருண்.

"நீ சும்மா இருடா. எங்க வுழும், சொல்லு பாப்பா."

கலா சிவப்புத் தட்டைப் பலகை போட்டு எடுத்துக் கழுவித் துடைத்தாள். பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள். "மரத்துக்கு வலப்பக்கமா, சூளை புகைபோக்கியப் பாத்து வீசுவேன். நேரா போவும். கடைசியில எடப்பக்கம் திரும்பி வேப்ப மரத்தடியில வுழும்."

ஓடிவந்து, ஒரு சுழற்சி, வீசினாள். 'விர்ர்' என்று ஒரு சத்தம். என் வீச்சில் அந்தச் சத்தமே வரவில்லை. தட்டு புகைபோக்கியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பவே இல்லை. சூளையில் மோதப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அது சோர்ந்து, இடது பக்கம் சாய்ந்து, வெட்டித் திரும்பி இறங்கியது. நிழலுக்கு வெகுதூரத்தில், வேப்ப மரத்தின் வேரில் தட்டி நின்றது.

தங்கவேலு எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"பொண்ணு சொன்ன எடத்துல போட்டிருச்சி. ஒளிக்காம பேசுது. எனக்குச் சரி" என்றார். "ராவு காலம் வந்துடப் போவுது, தட்ட எடுத்துட்டு வாங்க. வெத்தல தட்டச் சொன்னேன்."

என் லுங்கியிலேயே நின்று தட்டு மாற்றினார். அருணின் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். மாற்றி முடித்ததும் தங்கவேலு என் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, ஒரு கண்டிசன். இனிமே எந்த விசேசத்துலயும் நான் ஒங்க சோத்துக்கைப் பக்கந்தான் நிப்பேன். பீச்சாங்கைப் பக்கம் கூப்புடாதீங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று மேடையில் போட்டோ எடுக்கும்போதுதான் தெரிந்தது. பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு ஜனம் மொத்தமும் என் வலது பக்கம் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறை. போட்டோக்காரர், "கொஞ்சம் பேரு அய்யாவுக்கு அந்தப் பக்கம் போங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். "நீ வேணா போய் நில்லு தம்பி" என்றார் தங்கவேலு. ஒருவரும் அசையவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். நடுவில் நான், பட்டு வேட்டியில், ராஜா மாதிரி. என் இடது பக்கம் ஒரு வண்டி போய்த் திரும்பலாம், அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. யார் வந்து கேட்டாலும் இந்தக் கதையை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. அந்த வலது பக்கக் கூட்டத்தில், தங்கவேலுவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது என் மனைவி.