இரைச்சலை நான் ஒழித்த வரலாறு

என் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அத்தை நலம், உன் பெட்டியும் நலம். மூவரில் யார் அதிக நலம் என்பதைப் படித்து முடித்து நீயே தீர்மானித்துக்கொள். போனில் சொன்னால் நடுவில் கத்துவாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை. இனி நான் சொல்லப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று சாட்சி வைத்து உறுதி கூறுகிறேன். சாட்சி உன் அத்தை. அவளே நம்பவில்லை.

பத்து நாள் பயிற்சிக்குக் கிளம்பும் அவசரத்தில், பழைய ஆர்கன் கட்டைகளையும் ரேடியோக் கடையில் பொறுக்கிய பாகங்களையும் சேர்த்து மூன்று வருஷமாக நீயே உருவாக்கிய அந்த இசைப்பெட்டியை எங்கள் முன்னறையில் இறக்கினாய். கையில் மூன்று மீட்டர் பச்சை வயரும் ஒரு சீட்டும் தந்தாய். 'பின்பக்கத் திருகில் எர்த் வயரை மட்டும் மாற்றவும். மூடியைத் திறக்க வேண்டாம்.' திறக்க வேண்டாம் என்பதன் கீழே மூன்று கோடு. மாமன் மேல் உனக்கிருக்கும் நம்பிக்கையை அந்த மூன்று கோட்டில் அளந்துகொண்டேன். விஷயம் எனக்குத் தெரியாததல்ல. உங்கள் குழுவின் பாடகரான பல் டாக்டர், பெட்டி இரைகிறது என்று சொல்லிவிட்டார். அதுவும் சொந்தக் காதால் கேட்டுச் சொன்ன புகார் இல்லை. முன்வரிசையில் யாரோ அவரிடம் சொன்னார்களாம். புதன்கிழமை வந்து சோதிப்பார், அப்போதும் இரைந்தால் சனிக்கிழமை மேடையில் கடையில் வாங்கிய பளபளப்பான கீபோர்டுதான், உன் பெட்டி வீட்டில்தான். "மாமா, அது மேடை ஏறலேன்னா நானும் ஏற மாட்டேன்"னு நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். அந்த வார்த்தைதான் என்னை வீரனாக்கியது.

சுவிட்சைப் போட்டேன். என்ன இரைச்சல் அம்மா அது. நாட்டிலுள்ள தேனீக்களெல்லாம் ஒரே நாளில் பெண் பார்க்க வந்ததுபோல. அலமாரிப் பாத்திரங்கள் தாமாக நடந்து சமையலறைக்குப் போயின, எதிர்வீட்டு நாய் இனிமேல் தன் குரைப்புக்கு மதிப்பில்லை என்று ராஜினாமா செய்தது. எர்த் வயர் ஒன்றால் ஆகிற காரியமா இது? சால்டரிங் அயர்னைச் சூடேற்றி மூடியைத் திறந்தேன். "அவதான் தெறக்க வேண்டாம்னு எழுதியிருக்காளே"ன்னாள் அத்தை. "வாயைத் தெறக்காம பல்லைப் பிடுங்க முடியுமா?"ன்னு கேட்டேன். "உங்க வாயைத் தெறக்காம இருந்தா எனக்குப் பல்வலியே இருக்காது"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். டிரான்ஸ்ஃபார்மர்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்துக் கடைக்கு ஓடினேன். "இரையாத டிரான்ஸ்ஃபார்மர் இருக்காப்பா?" என்றால் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கரெண்டுன்னா கொஞ்சம் இரையத்தான் சார் செய்யும். சத்தமே வேணாம்னா மெழுகுவர்த்தி வாங்கிக்குங்க." அவமானத்தை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பி, பிஸ்கட்டையெல்லாம் நாட்டுக்காகத் தின்று தீர்த்து, காலி டப்பாவுக்குள் டிரான்ஸ்ஃபார்மரைச் சிறைவைத்து, இருநூற்றுப் பதினேழு வயர்களை ஒவ்வொன்றாக முறுக்கி, நாலு பகல் போராடினேன். கடைசியில் இரைச்சல் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டது. கொடுக்கவில்லை. அப்புறம் வந்த நிசப்தம் இருக்கிறதே, சுவரில் ஊரும் எறும்புக்கு மூட்டுவலி என்பது அதன் நடையிலேயே தெரிந்தது.

புதன்கிழமை டாக்டர் வந்தார். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஏதோ என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். "வாசிக்க வேண்டாம் சார். சும்மா ஆன் பண்ணி வைங்க. இரைச்சல் இருக்கான்னுதான் பாக்கணும்." "ஆன்லதான் இருக்கு டாக்டர், சத்தம்தான் இல்ல" என்றேன் மீசையைத் தடவிக்கொண்டு. "பரவாயில்லையே" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். மருமகளே, அந்தச் சுருதி போன போக்கை எப்படிச் சொல்வேன். முதல் அடியில் திண்டாடியது, இரண்டாம் அடியில் முன்னறையை விட்டு வெளியேறியது, மூன்றாம் அடியில் பஸ் ஏறிப் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி போனது. "இந்தப் பெட்டி என்னைக் கீழ இழுக்குது சார்" என்றார். வாயே திறக்காத பெட்டி. "கடைக் கீபோர்டையே சொல்லிடறேன்." அப்போதுதான் என் மண்டையில் மின்னல் அடித்தது: இத்தனை நாளும் இந்த மனிதர் உன் பெட்டியின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டுதான் பாடிக்கொண்டிருந்தார். தம்பூரா இல்லை, காது இல்லை, அந்த 'ம்ம்ம்' ஒன்றுதான் அவருக்கு ஊன்றுகோல். நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

மூன்றாவது தடவை பிடிவாதமாக ஆரம்பித்தார். அதே நேரம் அத்தை இஸ்திரி போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு குறுக்கே போனாள். அந்த மறைப்பில் நான் பெட்டிக்குப் பின்னால் பாம்பாக ஊர்ந்து, நாலு நாள் உழைப்பை ஒரே வெட்டில் வெட்டினேன். அடியிலிருந்து மெல்ல எழுந்தது பழைய இரைச்சல். எழுந்ததுதான் தாமதம், ஓடிப்போன சுருதி வந்து டாக்டர் தொண்டையில் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுப்பாட்டையும் பாடினார். அவர் முடித்த பிறகும் பெட்டி 'ம்ம்ம்' என்றுதான் இருந்தது. இருபது வருஷம் பல் குடையும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது. அவருக்கு அதுதான் நிசப்தம். கண்ணைத் திறந்து சொன்னார்: "இப்பதான் சார் இரைச்சல் சுத்தமா போயிருக்கு." மருந்துச் சீட்டில் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார்: 'பெட்டி இரையவில்லை. சனிக்கிழமை மேடைக்கு இதுவே வரட்டும்.' இத்துடன் இணைத்திருக்கிறேன். உலகத்திலேயே மருந்துக் கடைக்காரர் உதவியில்லாமல் படிக்க முடிந்த டாக்டர் கையெழுத்து அது ஒன்றுதான், பத்திரமாக வை.

நீ கட்டிய கட்டைகள் ஆயிரம் மேடை காணட்டும், பெட்டியின் ஒவ்வொரு திருகும் உன்னைப்போலவே நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அத்தையின் அன்பும் இதில் அடக்கம்.

இப்படிக்கு,
இரைச்சலை வென்று, பிறகு மன்னித்த உன் மாமன்

பி.கு: அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் இன்று சாப்பாடு இல்லையாம். எழுதுகிறேன். மூடியை நான் திறக்கவே இல்லை. நீ ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருக்கிறது. கடைக்காரரை நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. பிஸ்கட்டை மட்டும் தின்றேன், அது பசிக்கு. எர்த் வயரைக்கூட மாற்றவில்லை. நீ தந்த பச்சை வயரில் அத்தை துணி காயப்போட்டிருக்கிறாள். புதன்கிழமை டாக்டர் வந்து உட்கார்ந்தபோது சுவரில் பெட்டியின் பிளக்கே இல்லை, அந்த இடத்தில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. வேலை முடிந்ததும் அத்தை அதைப் பிடுங்கிவிட்டு உன் பிளக்கைச் செருகினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

டாக்டர் சொன்னதும் எழுதிக் கொடுத்ததும் மட்டும் உண்மை. சீட்டைப் பார்.