மண் ஒட்டினால் கொத்தக்கூடாது

வேலியோர நிபுணர் என்றோர் இனம் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டங்களுக்குப் பிப்ரவரியில் போனால் தவறாமல் தென்படுவார். கையில் தேநீர்க் குவளை, வேலிமேல் முழங்கை, வாயில் அடுத்தவர் தோட்டத்தின் எதிர்காலம். அவருக்குச் சொந்தமாகத் தோட்டம் உண்டா? உண்டு. என்ன விளைகிறது? புல்.

எங்கள் நிபுணர் வில்ஃப் ஓல்ட்ராய்ட், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காலையில் வந்ததும் தன் நிலத்தில் ஒரு காலை வைத்து எடுத்து பூட்ஸின் அடியைப் பார்ப்பார். மண் ஒட்டினால் ஈரம் அதிகம், கொத்தக்கூடாது. ஒட்டாவிட்டால் உறைந்துபோயிருக்கிறது, கொத்த முடியாது. ஈரமும் உறைபனியும் இல்லாத அபூர்வமான நாளிலோ, இத்தனை நல்ல நாளைப் பிறர் வீணாக்கிவிடுவார்களே என்று பதைத்து, வேலி வேலியாக ஓடி, உரக்குழியைக் கிளறச் சொல்லி, பட்டாணிக்கு நட்ட குச்சியைப் பிடுங்கச் சொல்லி, பிடுங்கியதைத் திரும்ப நடச் சொல்லி, பொழுது சாயும்போது களைத்துப்போய் வீடு திரும்புவார்.

பக்கத்துத் தோட்டத்து மியூரியல், முளைவிடுவதற்காக உருளை விதைக்கிழங்குகளை முட்டை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“முளை மேல பாத்து இருக்கணும் மியூரியல்.”

“மேலதான்யா பாக்குது. உன் கிழங்கு எங்க பாக்குது?”

“நான் இன்னும் வாங்கல. மண்ணு பக்குவப்படணும்ல?”

“பக்குவப்பட வேண்டியது மண்ணு இல்ல வில்ஃப்.”

பிறகுதான் தோட்டக்காரர் சங்கச் செயலாளர் எனிட் வந்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம பாக்க வருவேன். பாதி நிலமாச்சும் கொத்தியிருக்கணும். இல்லேன்னா வளாகத்து வாசக்கதவுச் சாவியக் குடுத்துரு. ஆறு வருஷமா நிலத்துக்குக் காத்திருக்கவங்க இருக்காங்க.”

வில்ஃப் வளாகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நிலம் போனால் போகட்டும். சாவி போனால் நாற்பது வேலிகளும் அல்லவா போய்விடும்! அந்தப் பாவப்பட்ட ஜனங்களை யார் காப்பாற்றுவது?

சனிக்கிழமை வெயில் அடித்தது. மண்ணில் ஒரு குறையும் சொல்ல வழியில்லை. வில்ஃப் மண்வெட்டியை எடுத்து, மெய்யாகவே கொத்தினார். செய்தி காட்டுத்தீபோல் பரவி, வளாகமே தேநீர்க் குவளையோடு அவர் வேலியில் வந்து சாய்ந்துகொண்டது.

“முதுக வளைக்காத வில்ஃப்!”

“வேரோட எடுய்யா!”

“அது களை இல்ல, போன வருஷத்து வெங்காயம்!”

“வெங்காயமே இல்ல, பூண்டு!”

கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? ஒவ்வொருவருக்கும் மண்வெட்டியை ஊன்றி நின்று விளக்கம் சொன்னார். பூண்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஐந்தரைக்கு இருட்டியபோது அவர் புரட்டியிருந்தது பதினோரு வெட்டு மண். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் விலா வலித்தது.

ஞாயிறன்று சாவியைக் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது. எங்களுக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காத்திருப்போர் பட்டியலிலிருந்து வந்த டாம்சின் என்ற பெண் அந்த நிலத்தில் முதல் வெட்டு வெட்டினாள். தெருவோரக் கம்பி வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆழம் பத்தாதும்மா!”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ‘அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு கொத்தியிருக்கலாமே’ என்று நடுவில் அவருக்கு ஒரு யோசனை சொன்னீர்கள் அல்லவா? அது போகட்டும். இன்று முடிக்க வேண்டிய உங்கள் வேலை எந்த மட்டில் இருக்கிறது?