ரவிக்கு நாற்பது லட்சம் விழுந்த நாள்

கலியாணப் பேச்சு நடக்கிற காலத்தில் ஒரு ஆண் செய்யக்கூடிய மிகப் பாதுகாப்பான வேலை சும்மா இருப்பது. தலையை வாரி, சேட்டை அயர்ன் பண்ணி, கேட்டதற்கு ஓம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாலே பாதிக் கலியாணம் தானாக முடிந்துவிடும். நான் சும்மா இருக்கவில்லை. கடைக்கு ஒரு பின்போல் மெசின் இறக்கினேன்.

அப்போது கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரமாக, எனக்கு ஒரு கூல்பார் இருந்தது. (இப்போதும் இருக்கிறது. அந்த மெசின்தான் அங்கே இல்லை.) ஐஸ்கிரீம், சர்பத், ரோல்ஸ், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களுக்கு நான்கு மேசை. வியாபாரம் மோசமில்லை. ஆனால் நான் என்னை ஒரு கூல்பார்க்காரனாக நினைக்கவில்லை. சந்தர்ப்பம் கிடைக்காத ஒரு பெரிய தொழிலதிபராகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்புக்கு எண்ணெய் ஊற்றியவன் கனடாவில் இருக்கிற என் மச்சான் சுதன். அவனுக்குப் பின்போல் பைத்தியம். பின்போல் என்றால் வேறொன்றுமில்லை. சற்றே சரிந்த ஒரு மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடித்திரிகிற ஒரு இரும்புக் குண்டு. குண்டு கீழே விழுந்துவிடாமல் பக்கத்துப் பொத்தான்களை அமத்தி இரண்டு சின்னத் துடுப்புகளால் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். சுதன் போன் எடுத்தால் பிள்ளைகள் எப்படி, மனுசி எப்படி என்று கதை வராது. "மச்சான், புது மெசின் ஒண்டு விட்டிருக்கிறாங்கள்" என்றுதான் தொடங்குவான்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கும் தொற்றிவிட்டது. கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் கைபேசியில் புது மெசின்களின் வீடியோ பார்த்தேன். வெறும் மெசினுக்கு ஒரு விலை. அதிலேயே பேர்பெற்ற படமொன்றின் முகங்களையும் குரல்களையும் போட்டால் வேறு விலை, ஏனென்றால் படக் கம்பனிக்கு லைசன்ஸ் காசு கட்ட வேண்டும். அதே மெசினில் நாலு விளக்கைக் கூட்டி, பக்கத்தில் இலக்கம் பொறித்து, 'இவ்வளவுதான் செய்வோம்' என்று சொன்னால் விலை வானத்துக்குப் போய்விடும். இதையெல்லாம் கரைத்துக் குடித்தேன். என் கடையில் ரோல்ஸ் என்ன விலைக்கு விற்றால் கட்டுப்படியாகும் என்பது மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாது.

இந்த நிலையில் சுதன் வீடு மாற வேண்டி வந்தது. அவனுடைய மெசின் நின்றது பழைய வீட்டின் நிலக்கீழ் அறையில். புது வீட்டில் அப்படி ஒரு அறை இல்லை. "ஒண்டில் அந்தப் பெட்டி, இல்லாட்டி நான்" என்று அவனுடைய மனுசி சொல்லிவிட்டா. அவன் இரண்டு நாள் யோசித்தானாம். (அவன் யோசித்ததற்கு அவா இன்னும் மன்னிக்கவில்லை.) கடைசியில் பெட்டி கப்பலேறி எனக்கு வந்தது.

நாலு பேர் பிடித்து இறக்கினோம். கனடாக் கரண்டும் எங்கள் கரண்டும் ஒன்றில்லை என்பதால், கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு கனத்த இரும்புப் பெட்டியும் வாங்கி நடுவில் பூட்டினேன். அது வண்டு மாதிரி இரைந்தது. பிறகு மெசின் விழித்தது. சுதன் 'நல்ல படம், லைசன்ஸோட வந்தது' என்று சொல்லியிருந்தான். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அது ஒரு ஆங்கிலப் பேய்ப்படம். மேசையின் நடுவில் ஒரு மண்டையோடு. குண்டு அதன் வாய்க்குள் போனால் கண் இரண்டும் சிவந்து, கடை அதிரச் சிரிக்கும்.

பரவாயில்லை, சனம் வரும் என்று நினைத்தேன். சனம் வரத்தான் செய்தது. முதல் ஆள் என் சிநேகிதன் ரவி. ஓட்டோ ஓடுகிறவன். ஆசை காட்டுவதற்காக முதல் கிழமை ஏழு நாளும் இலவசம் என்று அறிவித்திருந்தேன். இலவசம் என்ற சொல்லை ரவி அளவுக்கு மதிக்கிற மனிதனை நான் கண்டதில்லை. ஓட்டோவை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, காலையில் வந்தால் பின்னேரம்வரை மெசினோடு நின்றான்.

இதே கிழமையில்தான் தர்ஷினி வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. தர்ஷினிக்கு ஸ்கந்தபுரம், பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. அவளுடைய அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது வயல் செய்கிறவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் சந்திப்பது என்று அம்மா ஒழுங்குபண்ணியிருந்தா. பின்னேரம் போடுவதற்குப் புதுச் சேட்டு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று முன்னறிவித்தல் இல்லாமல் போய்ப் பார்த்தே பழகிய மனிதர் அவர். பின்னேரம் பார்க்கப்போகிற மாப்பிள்ளையை முற்பகலிலேயே ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, யாரோ வாடிக்கையாளர் போல, கடைக்குள் வந்தார்.

அவர்கள் வாசல்படியில் கால் வைத்த அதே நேரம் ரவி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

"மச்சான்! நாப்பது லட்சம் விழுந்திட்டுது எனக்கு!"

பின்போலில் புள்ளிகள் லட்சக்கணக்கில்தான் ஏறும். அது எனக்குத் தெரியும், ரவிக்குத் தெரியும். வாசலில் நின்றவருக்குத் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

ரவி அத்துடன் விட்டிருந்தால் தப்பியிருப்பேன். அவன் வந்தவர்களைக் கண்டு இன்னும் உற்சாகமாகி, "வாங்கோ ஐயா, வாங்கோ" என்று வரவேற்றான். "நேற்று அறுபது லட்சம் எடுத்தனான். பேராசையில திருப்பி அடிச்சு எல்லாம் போயிட்டுது. இண்டைக்கு விடமாட்டன். மனுசிக்குக்கூடச் சொல்லேல்லை, இஞ்சதான் நிக்கிறன்."

அம்மா காட்டிய போட்டோவில் பார்த்திருந்த முகத்தைத் தர்ஷினியில் கண்டுகொண்டேன். போட்டிருந்த சேட்டில் சர்பத்துக் கறை. ஓடிப்போய்க் கதிரைகளைத் துடைத்தேன். அவர்களைத் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தேன். நடிப்பு நன்றாகத்தான் போனது, "இன்னும் கொஞ்சம் போடட்டோ மாமா?" என்று நான் கேட்கும்வரைக்கும்.

அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். அவருடைய கண் மெசினில் இருந்தது.

"தம்பி, இது கொழும்பில இருக்கிற ஜக்பொட் மெசின்தானே?"

"இல்லை மாமா, ஐயா, இது விளையாட்டு மெசின்."

"சூதும் விளையாட்டுத்தான். இதை வைச்சிருக்கிறதுக்கு லைசன்ஸ் இருக்கோ?"

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விசயத்தில் அவர் கேள்வி கேட்டுவிட்டார். நிமிர்ந்து நின்றேன்.

"ஓம் ஐயா. லைசன்ஸோட வந்த மெசின்தான். அதாலதான் விலையும் கூட."

"எங்க எடுத்தனீங்கள்? பிரதேச சபையிலயோ?"

"இல்லை ஐயா. ஹொலிவூட்டில."

தர்ஷினி ஐஸ்கிரீம் கரண்டியை வாயில் வைத்தபடி குனிந்துவிட்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன்.

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. படக் கம்பனிக்கு ஏன் காசு கட்டுகிறார்கள், இந்த வருசம் என்னென்ன மெசின் வந்தது, கடைக்கு வைக்கிற மொடல் ஒன்று வாங்குகிற காசுக்குப் பழைய ட்ரக்டர் ஒன்று எடுக்கலாம் என்றெல்லாம் விளக்கினேன். ஒரு மனிதன் ட்ரக்டர் வாங்காமல் மண்டையோடு வாங்கியிருக்கிறான் என்பதைத்தான் நான் அந்த விவசாயக் குடும்பத்துக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

"வீட்டு மொடல் எண்டும் ஒண்டு இருக்கு ஐயா," என்று அலட்சியமாகக் கையை வீசினேன். "விலை குறைவு. சாமான்களைக் குறைச்சுச் செய்யிறது. வீட்டில சும்மா பொழுதுபோக வைச்சிருக்கிற ஆக்களுக்கு. எங்களை மாதிரித் தொழில் செய்யிற ஆக்கள் அதைத் திரும்பியும் பாக்க மாட்டம்."

அந்த நேரம் பார்த்து ரவியின் குண்டு மண்டையோட்டின் வாய்க்குள் போனது. சிவப்புக் கண் எரிந்தது. சிரிப்புக் கிளம்பியது. அதன் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு தடித்த குரல்.

"முருகா!" என்று தர்ஷினியின் அம்மா நெஞ்சில் கை வைத்தா. "என்னவாம் பிள்ளை சொல்லுது?"

"'உன்ர ஆத்துமா எனக்கு' எண்டு சொல்லுது அம்மா," என்று ஆங்கில ஆசிரியை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாள்.

அம்மா ஐஸ்கிரீம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டா. அப்பா எழும்பிவிட்டார். "அப்ப நாங்கள் வாறம் தம்பி" என்றார். பின்னேரம் கோயிலுக்கு வருவதாகச் சொல்லவில்லை. இவர்கள் வீதியில் இறங்கினால் என் கலியாணமும் அவர்களோடு பஸ் ஏறிவிடும் என்று எனக்கு விளங்கியது. அவசரமாகத் துணியை எடுத்து, துடைத்த கதிரைகளையே மறுபடி துடைத்தேன்.

"நான் ஒருக்கா விளையாடிப் பாக்கட்டோ?" என்று தர்ஷினி கேட்டாள்.

அப்பா முறைத்தார். அவள் அதற்குள் மெசினடிக்குப் போய்விட்டாள். ரவி வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கோ இடம் விட்டான். அவள் கைப்பையில் இருந்து ஒரு இருபது ரூபாக் குற்றியை எடுத்தாள்.

"காசு எதுக்குள்ள போடுறது?"

"இல்லையில்லை, உங்களுக்குக் காசு வேண்டாம்."

"பரவாயில்லை. ஓட்டையைக் காட்டுங்கோ."

முன்பக்கம் பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம் பார்த்தேன். முழங்காலில் இருந்து, கைபேசி வெளிச்சத்தில், அடிப்பக்கமும் பார்த்தேன். எங்களுடைய இருபது ரூபாக் குற்றி அந்த ஓட்டைக்குள் போகுமா என்று ஒரு கிழமையாகக் கவலைப்பட்டிருந்தேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மெசினுக்குக் கீழே கிடந்தபடியே சுதனுக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை. பதற்றத்தில் விரல் பட்டுவிட்டது.

"காசு போடுற ஓட்டையோ?" என்று நித்திரைக் குரலில் சுதன் கேட்டது கடை முழுக்கக் கேட்டது. "அது வீட்டு மொடலடா. அதுக்குக் காசுப்பெட்டி வராது. வீட்டில ஆர் மச்சான் காசு போட்டு விளையாடுறது?"

நான் கீழேயே கிடந்தேன். அங்கிருந்து பார்க்கத் தர்ஷினியின் அப்பாவின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை வாசலில் நின்றன. பிறகு திரும்பின. மெல்ல மெல்ல என்னை நோக்கி வந்தன. அந்தச் செருப்புகளுக்கு மேலே இருந்து குரல் கேட்டது.

"அப்ப இதுக்குள்ள காசு போடவும் ஏலாது?"

"ஏலாது ஐயா."

"வெளிய வரவும் வராது?"

"வராது ஐயா. நாப்பது லட்சம் எண்டது வெறும் புள்ளி."

"காசு வாற வழியே இல்லாத மெசினைத்தான் தொழிலுக்கெண்டு கொண்டுவந்து வைச்சிருக்கிறீர்?"

"ஓம் ஐயா."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "இஞ்சரும், பயப்பிடாதையும். இந்தப் பெடியன் சூதாட மாட்டான். சூதாடுறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்."

தர்ஷினி இப்போது குனியவில்லை. வாய்விட்டே சிரித்தாள். மண்டையோடும் தன் பங்குக்குச் சிரித்தது, ரவி மறுபடி விளையாடத் தொடங்கிவிட்டான்.

பின்னேரம் அவர்கள் கோயிலுக்கு வந்தார்கள். நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் சொன்னேன். அடுத்த வருசம் கலியாணம் நடந்தது. அன்று நான் மெசினுக்குக் கீழே கிடந்த கோலத்தைப் பார்த்துத்தான் சம்மதித்ததாகத் தர்ஷினி சொல்கிறாள். கறைபட்ட சேட்டோடு, வாய்மூடி, பாவமாக ஒரு ஆள் கிடந்தது அவளுக்குப் பிடித்துவிட்டதாம். பேசிக்கொண்டிருந்த ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லையாம்.

மெசின் கலியாணத்தோடு ஸ்கந்தபுரத்துக்குப் போய்விட்டது. வீட்டு மொடலுக்கு வீடுதான் சரி என்று மாமா சொன்னார். மாமி அதன் மண்டையோட்டுக்குத் திருநீறு பூசி, பக்கத்தில் ஒரு சாமிப்படமும் வைத்திருக்கிறா. மாமா இப்போது வயல் பார்த்து வந்ததும் சாப்பாட்டுக்கு முன் ஒரு ஆட்டம் போடுகிறார். சுதனும் அவரும் தனியாகக் கதைத்துக்கொள்கிறார்கள். புது மெசின் வந்தால் எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். "படத்துக்காகத்தான் தம்பி விலையைக் கூட்டியிருக்கிறாங்கள், எடுக்காதையும்" என்று குரல் பதிவு அனுப்புவார். நான் எதையும் எடுப்பதாக இல்லை.

ஆனால் கலியாண வீடுகளில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க நான் பயப்படுவேன். யாராவது வாய் தவறி "மருமகனை எப்பிடித் தெரிவு செய்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும், தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"சாதகத்தை மட்டும் நம்பி நாங்கள் பிள்ளையைக் குடுக்கேல்லை. நேர போய், முன்னுக்குப் பின்னுக்கு, மேல கீழ எல்லாம் வடிவாப் பாத்தனாங்கள். ஒரு ஓட்டையும் இல்லை."

அப்போது தர்ஷினி பந்தியின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கிருந்து குரல் வரும்.

"காசு வாற ஓட்டையும் இல்லை அப்பா!"