எந்த வருஷத்து தீபம்?

திருவண்ணாமலையில் அரசியல்வாதிகள் இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார்கள். ஒருவர் கோயிலுக்குள் இருப்பவர். அவர் வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டார். இன்னொருவர் எங்கள் தெரு ஆரத்தி அக்கா. அவர் வாயை மூடவே மாட்டார்.

தொழில் என்னவோ மாவு மிஷின். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். "சாப்டியா?" என்று அவர் சும்மா விசாரித்தாலே அடுத்த தெருவில் யாராவது "ஆச்சுங்க" என்பார்கள்.

எழுபதுகளில் எங்கள் தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாய் வந்தது. குழாய் மட்டும்தான் வந்தது. பெண்கள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். ஒருநாள் அம்மா இடுப்பில் குடத்தோடு தண்டவாளத்தில் இடறி விழுந்தாள். கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு வந்தது. அக்காதான் ஓடிப்போய், கைக்குக் கிடைத்த கூந்தலைப் பிடித்து இழுத்துப் போட்டார். குடம் நசுங்கியதோடு போயிற்று. அன்றிலிருந்து ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்குச் சனி பிடித்தது.

வேட்பாளர் வந்தால் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள் அல்லவா? தட்டு சுற்றும்போது பாதியில் நகர்வது அபசகுனம். இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அக்கா ஊரையே ஆட்டி வைத்தார். எண்பதுகளின் நடுவில், ரொம்ப வருஷம் கழித்து நகராட்சித் தேர்தல் வந்தது. முதலில் வந்த வேட்பாளர் மாலையும் கழுத்துமாக நின்றார். அக்கா தட்டைச் சுற்றினார். சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, கொழா வந்துச்சு. தண்ணி எங்கண்ணே?"

"வரும்மா. தீபத்துக்குள்ள வந்துரும்."

"எந்த வருஷத்து தீபம்ணே?"

மேளம் நின்றுவிட்டது. வேட்பாளர் ஒரு காலை மெல்லப் பின்னால் எடுத்தார். "நவுந்துடாதீங்கண்ணே, டெபாசிட்டே போயிடும்" என்று அவர் ஆளே காதைக் கடித்தான். கற்பூரம் அணையப் போனது. அக்கா இன்னொரு கட்டியைப் போட்டார்.

அடுத்தவர் பகுத்தறிவு பேசுகிறவர். "எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லீங்க" என்று கம்பீரமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, கற்பூரம் அணைகிறவரை அசையாமல் நின்று பதில் சொன்னார். மூன்றாமவர் பின்சந்து வழியாக வந்து பார்த்தார். அங்கே தட்டோடு அக்கா.

கேள்வி கேட்டால் மட்டும் போதுமா, ஓட்டு செல்ல வேண்டாமா? மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டுப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். பழைய நோட்டீசின் பின்பக்கம் குடை, கத்தரிக்கோல், மேசை விளக்கு என்று படம் வரைந்து, சோடா மூடியை மையில் தோய்த்துக் கொடுத்தார். அம்மா பயபக்தியோடு மூன்றிலும் குத்திவிட்டு வந்தாள்.

"அடி சரோஜா, இன்னாடி இது?"

"மூணு பேரும் வூடு தேடி வந்து கும்பிட்டாங்கக்கா. ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்தவங்க மனசு நோவாதா?"

"இது இன்னா வெத்தல பாக்கா, வந்தவங்களுக்கெல்லாம் வெக்கிறதுக்கு? செல்லாத ஓட்டுடீ!"

தலையில் அடித்துக்கொண்டார். பாதித் தெரு அப்படித்தான் குத்தியிருந்தது. இத்தனை வருஷம் எங்கள் தெரு மரியாதையாக எல்லாரையும் தோற்கடித்திருக்கிறது.

தேர்தல் முடிந்து, ஜெயித்தவர் நன்றி சொல்ல வந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கேட்டது அக்கா இல்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் குரல்.

"ஐயா, தண்ணி எப்பங்க வரும்? நான் அந்த தண்டவாளத்துல சாவ இருந்தேங்க."

என் அம்மா. அப்பாவிடம் உப்பு வாங்கி வரச் சொல்லவே யோசிக்கிறவள். ஜெயித்தவர் கூப்பிய கையை இறக்கினார். அப்புறம், "இந்த வருஷ தீபம்மா" என்றார், வருஷத்தையும் சேர்த்து.

தீபத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடி ஏறுவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. குழாயடியில் ஒரே கூச்சல், தள்ளுமுள்ளு. அம்மா எப்படியோ முதல் குடத்தைப் பிடித்து, எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், மாவு மிஷின் வாசலில் இறக்கினாள். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். குடத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. மாவு படிந்த கையால் அம்மாவின் கூந்தலை மெல்லத் தடவிக் கொடுத்தார்.