மூன்றாவது கோரிக்கை

வாசிக்கத் தெரியாதவனைவிட ஆபத்தானவன், வாசித்துவிட்ட மாதிரி தலையாட்டுகிறவன். நான் இரண்டாவது ரகம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மாணிக்கக் குழி, கொழும்புச் சாப்பாட்டுக் கடை, அரநாயக்கவில் ரப்பர் பால் வெட்டு என்று சுற்றினேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அது வெளியே தெரியாமல் இருக்க, யார் காகிதம் நீட்டினாலும் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிடுவேன். (கையெழுத்து மட்டும் டாக்டர் மாதிரி இருக்கும்.)

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது மகளுக்கு மூன்று வயது. நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம் ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டும் அதே ஏழு மணிக்கு, ஒரு மைல் தள்ளி. பிள்ளைக்காரப் பெண்களுக்கு அரை மணி நேரச் சலுகை உண்டு. பக்கத்து வீட்டில் பிள்ளையை விட முடியாத நாளில் நான் பிந்துவேன்; பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. ஒரு வாரத்தில் மூன்று நாள் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் பிந்தினால் பெயரையே வெட்டிவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார்.

ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? தோட்ட மேலாளரான துரையிடம் பயம். கணக்கப்பிள்ளையிடமும் பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். (வீரன் அல்லவா!)

நாற்பது பெண்கள். முன்னால் சங்கத் தலைவி சரசக்கா, கொழுந்து பறிப்பவர். மகளை இடுப்பில் வைத்தபடியே எழுந்தேன்.

“பெண்ணுரிமை, பெண்ணுரிமைங்கிறீங்க. ஆம்பளைக்குக் கஷ்டமே இல்லையா? புள்ளய தனியா வளக்குறவன பத்தி எந்தப் பொம்பள சங்கமாச்சும் ஒரு வார்த்த பேசியிருக்கா?”

கைதட்டுவார்கள் என்று நிறுத்தினேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

சரசக்கா ஒரு மனுவை நீட்டினார். “தம்பி, மூணாவத கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

“தா... யார்... வெளி... நாட்...” வியர்த்துக் கொட்டியது. மகள் என் மூக்கைப் பிடித்துத் திருகினாள். தாயார் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கும் காலையில் அரை மணி நேரம் தர வேண்டும். இதை வாசித்து முடிப்பதற்குள் இன்னொரு கூட்டமே நடத்தியிருக்கலாம்.

“கீழ யாரு கையெழுத்து அது?”

டாக்டர் கையெழுத்து. வியாழக்கிழமை, குழாய்த் தண்ணீருக்கான மனு என்று நினைத்து நான் போட்டது.

தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். மானத்தைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பிடித்தேன். “சரி, மருந்தடிச்சு நெஞ்சு எரியுதே, அது எங்க இருக்கு?”

சிரிப்பு நின்றது. சரசக்கா மனுவை வாங்கிப் பார்த்தார். “அது இல்லதான். எங்களுக்குத் தோணல, தப்பு. ஆனா தம்பி, எங்க கஷ்டத்தயும் வேற யாரும் எழுதித் தரல. உக்காருங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்.”

நான்காவது கோரிக்கையாக முகக்கவசம் சேர்ந்தது. இந்த முறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சரசக்கா அரை நாள் வேலையை விட்டுவிட்டு நான்கு பெண்களோடு ஆபீசுக்கு ஏறினார். துரை மனுவைப் பார்த்து, “ஹரி, ஹெட்ட இந்தலா” என்றார் சிங்களத்தில். சரி, நாளையிலிருந்து. முகக்கவசத்துக்கு மட்டும் சரசக்கா இன்னும் மூன்று தடவை ஏற வேண்டியிருந்தது.

முதல் நாள் அரை மணி பிந்திப் போனபோது என்னைக் கேலி செய்தது பெண்கள் இல்லை. “என்னா மாப்ள, புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர்றியா?” என்று கத்தியது மருந்தடிக்கும் என் கூட்டாளிகள். அவர்களில் இருவரின் மனைவிமாரும் பிறகு வெளிநாடு போனார்கள். அதே அரை மணியைத்தான் அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது மனைவி திரும்பி வந்துவிட்டாள். ‘இந்த வீட்டுல ஆம்பளைய யாரு மதிக்கிறா’ என்று நான் தொடங்கினால், “மூணாவத வாசிங்க” என்பாள். மகள் தன் மூக்கைத் தானே திருகிக்கொண்டு “தா... யார்...” என்று ஆரம்பிப்பாள். பள்ளி மதிப்பெண் அறிக்கையைக்கூட நான் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்துக்கு விடுவாள்.

போன தவணைப் பரீட்சை அறிக்கையை மட்டும் மடித்து, கையெழுத்துப் போடும் ஓரத்தைக் காட்டினாள். மடிப்புக்குள்ளே, கணக்கில் இருபத்தெட்டு.

“வாசிக்க வேணாம்ப்பா. பழைய மாதிரி சும்மா போடுங்க.”