இடப்பக்கம் உறைந்தது, வலப்பக்கம் காத்திருக்கிறது

யாபா, லாகோஸ்.
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அபேகே அக்காவின் சமுகத்துக்கு,

உங்கள் தம்பி லடிப்போ நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கி எழுதுவது. இந்த விழுதல் காகிதத்தில் மட்டும்தான் நடக்கிறது, நேரில் நடக்கமாட்டேன் என்கிறது. கடிதத்தின் விஷயமே அதுதான். உங்கள் மூட்டுவலி, அத்தானின் ரத்த அழுத்தம், அபெயோகூட்டாவில் மழை எல்லாவற்றையும் முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை சுருலேரேயில் மொரோன்கே வீட்டில் எங்கள் கல்யாணச் சடங்கு. மாப்பிள்ளை அறுபதை நெருங்கியவனாக இருந்தாலும், மனைவியைப் பறிகொடுத்தவனாக இருந்தாலும், முப்பது வருஷம் அரசாங்க நில அளவையாளனாகக் குன்று குன்றாக ஏறி இறங்கியவனாக இருந்தாலும், பெண் வீட்டார் முன்னால் நெஞ்சு தரையில் படக் குப்புற விழவேண்டும், அவர்கள் எழுப்பும்வரை கிடக்கவேண்டும். எனக்கு இதில் மறுப்பே இல்லை. மறுப்பெல்லாம் என் வயிற்றுக்குத்தான். போன வருஷம் நம் சித்தப்பா பேரன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர்களோடு நானும் விழுந்தேனே, சடங்கு நடத்திய அந்த அம்மாள் ஒலிபெருக்கியில் என்ன சொன்னாள்? "ஏய்யா, அந்த மூணாவது ஆளப் பாருங்க! நெஞ்சும் அந்தரத்துல, காலும் அந்தரத்துல, படகு மாதிரி ஆடுறாரு! யாராச்சும் நங்கூரம் போடுங்கய்யா!" நீங்கள்கூடச் சிரித்தீர்கள், அக்கா. நான் பார்த்தேன்.

இப்போது மொரோன்கேயின் அண்ணன் ஒயெடோகுன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அன்று முழுக்க "ம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மொரோன்கே வந்து, "அண்ணன் சொல்லிட்டாரு, வயசானவருன்னு சலுகையெல்லாம் கிடையாதாம். நெஞ்சு தரையில படணுமாம்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காமலே வயிறு மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது என்பது தனி மர்மம்.

யாரிடமும் சொல்லாமல் இக்கேஜாவில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். கொழுப்பை உறைய வைத்துக் கரைப்பார்கள் என்று பலகை போட்டிருந்தது. உறைய வைத்து, கட்டியாக்கி, அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எத்தனை நாளாகும் என்று கேட்கவில்லை. அடுத்தவன் நிலத்தை அங்குலம் விடாமல் அளந்தவன், சொந்த வயிற்று விஷயத்தில் கோட்டை விட்டேன். எஃபே என்ற டெல்டாப் பக்கத்துப் பெண்தான் செவிலி. வயிற்றின் இடப்பக்கம் ஏதோ கூழ் தடவிய ஈரத்துணியைப் போட்டு, அதன் மேல் வாயகன்ற கிண்ணம் ஒன்றை வைத்தாள். அது கன்றுக்குட்டி மடியைக் கவ்வுவதுபோலச் சதையைக் கவ்வி உள்ளே இழுத்தது. அப்புறம் குளிர் வந்தது பாருங்கள், அக்கா, செத்துப்போன நம் அப்பா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தோலெல்லாம் உறைஞ்சு போயிடாதாம்மா?" என்றேன்.

"அதெப்படி ஐயா உறையும்? ஹர்மாட்டான் குளிர்காத்து அடிக்கிற மாசத்துல சமையக்கட்டுல செம்பனை எண்ணெ கெட்டியாயிடுது. பக்கத்துல பானையில தண்ணி அப்படியேதான இருக்கு? அதே கதைதான். குளிரு மொதல்ல கொழுப்பத்தான் புடிக்கும், தோலுக்கு அதவிட தாங்கு சக்தி அதிகம்."

"சரி, எப்ப வெட்டி எடுப்பீங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் கிண்ணமே ஆடியது. "கத்தியே கிடையாதுய்யா! உறைஞ்ச கொழுப்பு அணு கொஞ்சம் கொஞ்சமா சாகும். ரத்தத்துல காவக்கார அணுங்க இருக்கு, அதுங்க வந்து செத்ததத் தின்னும். மிச்சம் கல்லீரலுக்குப் போயி, ஒடம்பே அத வெளியேத்திடும். ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம்! எனக்கு ஏழு வாரம்கூட முழுசாக இல்லை. கிண்ணமோ கவ்விவிட்டது, எழுந்து ஓடவும் முடியாது.

பக்கத்துக் கட்டிலைத் திரை மறைத்திருந்தது. அங்கே இன்னொருவர் என்னைப் போலவே முனகிக்கொண்டு கிடந்தார். முகம் தெரியாத ஆளிடம் மனத்தைக் கொட்டுவது சுலபம், அக்கா. கல்யாணம், வயிறு, தரை எல்லாவற்றையும் சொன்னேன். நான் இடையில் நிறுத்தினால் அவர், "முழுசா சொல்லுங்க, பாதியில விடாதீங்க" என்று அதட்டுவார். நானும் முழுசாகச் சொன்னேன். "பொண்ணோட அண்ணன் ஒருத்தன் இருக்கான்யா, கண்ணாடி போட்ட நீர்யானை. அவன் காலடியில நான் நெஞ்சு படக் கெடக்கணுமாம்" என்றும் சொன்னேன். பெண் வீடு எங்கே என்று கேட்டார். சுருலேரே, அஞ்சலகத்துக்குப் பின் தெரு என்றேன். அதற்கப்புறம் திரைக்கு அந்தப்பக்கம் பேச்சே இல்லை, இருமல் மட்டும் வந்தது. பாவம், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் முடிந்தது. கிண்ணத்தை எடுத்தால் உள்ளே கல் மாதிரி ஒரு கட்டி. அதை எஃபே இரண்டு கையாலும் பிசைந்த விதத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பிறகு வலப்பக்கம் கிண்ணம் வைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட ஓடினார்கள், டீசல் இல்லையாம். ஜன்னலில்லாத அறை, கும்மிருட்டு. திரைக்கு அந்தப்பக்கம் "ஐயோ, எனக்குப் பாதிதான் ஆச்சு!" என்று ஒரு குரல், அப்புறம் செருப்புச் சத்தம், அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். எஃபே கைபேசி வெளிச்சத்தில் என்னை எழுப்பி உட்காரவைத்து, "அதே எடத்துல ஒடனே மறுபடி வைக்கக்கூடாதுய்யா, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றாள்.

இன்றைக்கு ஐந்து வாரம் ஆகிறது. தினமும் காலையில் நாடாவால் அளக்கிறேன். இடப்பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது, வலப்பக்கம் அரசாங்கக் காப்புக் குன்று மாதிரி அசையாமல் நிற்கிறது. பாய் விரித்து விழுந்து பார்த்தேன். நெஞ்சு படுவதற்குள் இடப்பக்கமாக உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டேன். அதோடு இடப்பக்கத்தில் உணர்ச்சியே இல்லை. போன வெள்ளிக்கிழமை சுடச்சுட அமாலாக் களிக் கட்டி அங்கே விழுந்தது, சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தானாகச் சரியாகிவிடும் என்று எஃபே சொல்கிறாள். நம்புகிறேன், ஆனாலும் படுத்தால் தூக்கம் வருவதில்லை. உள்ளே என் சொந்த அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, வேறு அணுக்கள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கின்றன, துக்க வீடும் விருந்து வீடும் ஒரே வயிற்றில் நடக்கிறது. கல்லீரலுக்கு இது தாங்குமா? பாரம் கூடவேண்டாம் என்று ஆட்டு மிளகு சூப்பையும் நிறுத்திவிட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேய்யா" என்கிறாள் எஃபே. யாரைத்தான் நம்புவது?

ஆகவே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சடங்கை இரண்டு மாதம் தள்ளிவைக்கும்படி ஒயெடோகுனுக்கு நீங்கள் சொல்லி அனுப்பவேண்டும். உங்களுக்கு மூட்டுவலி என்று சொல்லுங்கள், அது பொய்யும் ஆகாது. ஏற்கெனவே பெட்ரோல் தட்டுப்பாட்டினால் ஒரு தடவை தள்ளிவைத்தோம். "இன்னொரு தடவ தள்ளிவச்சீங்கன்னா, ஒங்களுக்கு மனசில்லன்னுதான் நான் எடுத்துக்குவேன்" என்று மொரோன்கே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அக்கா, எனக்கு மனசு இருக்கிறது. ஆறு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவள் வந்துபோன நாட்களில் மட்டும்தான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. முந்நூறு பேர் முன்னால் நான் உருண்டு, அவள் தலை குனிந்தால், அப்புறம் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்? தள்ளிவைத்தாலும் போய்விடுவாள், வைக்காவிட்டாலும் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. நீங்கள்தான் ஏதாவது செய்யவேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பேரன் பேத்திகளுக்கு என் ஆசி. ஆண்டவர் உங்கள் மூட்டுக்கு எண்ணெயும் என் வயிற்றுக்கு நல்ல புத்தியும் தருவாராக.

இப்படிக்கு,
விழ முடியாத உங்கள் தம்பி,
லடிப்போ.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். யாருக்கும் சொல்லி அனுப்பவேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது கதவு தட்டப்பட்டது. யாரென்று கேட்டேன். "கண்ணாடி போட்ட நீர்யானை வந்திருக்கேன், கதவத் தொறங்க" என்று பதில் வந்தது.

ஒயெடோகுன்தான். எனக்கு உயிர் போய்விட்டது. மனிதர் உள்ளே வந்து அங்கியைத் தூக்கிக் காட்டினார். இடப்பக்கம் இறங்கியிருக்கிறது, வலப்பக்கம் அப்படியே இருக்கிறது.

"விழறது ஒங்க வேல. குனிஞ்சு தோளப் புடிச்சுத் தூக்கறது யாரு வேல? என் வேல. நான் குனிஞ்சா எந்திரிக்க மாட்டேன்" என்றார். "கண்டிப்பா பேசினா நீங்க சலுகை கேப்பீங்க, ஒடனே குடுத்துடலாம்னு பாத்தேன். நீங்க கேக்கவே இல்ல. ரோஷக்காரரா இருக்கீங்களேன்னு நானும் அந்தக் கிண்ணத்துல போய் மாட்டினேன்."

நீர்யானை என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க. எட்டு வருஷமா சிரிக்காம இருந்த என் தங்கச்சி, ஒங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புறப்ப வாசல்லயே சிரிச்சுக்கிட்டு வர்றா. ஒங்க நெஞ்சு தரையில பட்டா என்ன, படாட்டி என்ன" என்றார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

நான் முட்டி போட்டவுடனேயே அவர் "போதும்" என்று தூக்கிவிடுவது என்று பேச்சு. ஒத்திகை பார்த்தோம். நான் முட்டி போட்டேன், அவர் குனிந்தார், பிறகு இரண்டு பேருமாகப் பாயில் கிடந்தோம். அண்ணனைத் தேடிக்கொண்டு மொரோன்கே வந்துதான் எங்களை எழுப்பினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

அதனால் அந்தச் சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடுங்கள், வரும்போது நல்ல அகலமான பாயாக ஒன்று கொண்டுவாருங்கள். ஏழடிக்கு ஆறடி. இரண்டு ஆள் விழுகிற அளவு.